பேட்டரியைக் கழற்றினாலும் கேமரா கடிக்கும்

நேற்று ஒரு தம்பி கடைக்கு வந்தார். கட்டைவிரல் நுனியில் கருகிய புள்ளி, கையில் முறுக்கு டப்பா. டப்பாவுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா, பாகம் பாகமாக. “பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் திறந்தேண்ணே” என்றார். இந்த மாதம் இதற்கு முன் வந்த இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள்.

அவருக்குப் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்து மரங்களைப் பனி மூடியதுபோல் வெள்ளையாகப் படமெடுக்க வேண்டுமாம். படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால் அப்படிப் படம் வரும், சரி. ஆனால் ஃபிளாஷ் உள்ள கேமராவில் ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறதே! சுமார் 300 வோல்ட். பேட்டரி போன பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அதைவிட எரிச்சல், “அண்ணே, இதுல உடம்புச் சூடு தெரியுமா?” என்ற கேள்வி. தெரியாது! பெருந்தொற்று நாளில் காய்ச்சல் பார்க்கப் பேரங்காடி வாசலில் கேமரா வைத்திருந்தார்களே, அது வேறு கருவி. உடம்புச் சூட்டை அது 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரை நீளமுள்ள அலைகளில் பார்க்கும். நம் கேமரா சென்சாரோ 1,100-ஐத் தாண்டி எதையும் பார்க்காது. இலை வெள்ளையாகத் தெரிவது சூட்டினால் அல்ல. வெயிலில் உள்ள அகச்சிவப்பை இலை திருப்பி அனுப்புவதால். இராபர்ட் வுட் 1910-லேயே இதைப் படமெடுத்துக் காட்டிவிட்டார். நம்பாதவர்களுக்காகக் கடையில் விளக்கை அணைத்துவிட்டு, ஆவி பறக்கும் தே தாரிக் தேநீரைப் படமெடுப்பேன். வெறும் இருட்டு. அப்புறம் டிவி ரிமோட்டை அமுக்குவேன். அதன் முனை பளிச்சென்று எரியும்.

ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் திறக்காதீர்கள். கெப்பாசிட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வீடியோக்களை நம்பாதீர்கள். நாங்கள் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து அதிலுள்ள மின்சாரத்தை மெதுவாக இறக்குகிறோம், பிறகு மீட்டரில் பார்க்கிறோம். தடுப்புக் கண்ணாடியை எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் ஃபோகஸ் தள்ளிப் போகும். அதே கனத்தில் வேறு கண்ணாடி போட வேண்டும். சென்சாரில் விரலை வைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து பயனில்லை.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். அகச்சிவப்பை மட்டும் விடும் அந்த 720 நானோமீட்டர் ஃபில்டர் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறதே என்று அதன் வழியே சூரியனைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். கறுப்பு என்று நம்பிக் கண்மணி அகலமாக விரியும்; அகச்சிவப்போ தடையில்லாமல் உள்ளே போகும். விழித்திரை கருகினாலும் வலிக்காது.