கண்மாயில் வலை கண்டால் யாரிடம் போவது? பறவை வேட்டைச் சட்டமும் அலுவலக அலைக்கழிப்பும்

ஐப்பசி மழையில் கண்மாய்கள் நிறையத் தொடங்கும்போது மதுரையைச் சுற்றியுள்ள வயல்களிலும் கரைகளிலும் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து கருவேல மரங்களில் அடைகின்றன. நீரோரப் புற்களில் மஞ்சள் வாலாட்டிகளும் தகைவிலான்களும் இரவு தங்குகின்றன. வடக்கிலிருந்து பறந்து வந்த களைப்பில் ஆறுமணிக்குருவி வீட்டுத் தோட்டங்களில்கூட விழுந்து கிடக்கிறது. அதே மாதங்களில்தான் வலைக்காரர்களும் வருகிறார்கள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கட்டிய மெல்லிய நைலான் வலை அந்தி வெளிச்சத்தில் மனிதர் கண்ணுக்கே தெரியாது; அடைய வரும் பறவைக்கு எப்படித் தெரியும்? கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, கூட்டத்தை அந்தப் பக்கம் இழுக்கிறார்கள். விடிவதற்குள் வலையிலிருந்து பிய்த்தெடுத்து, இறகை உரித்து, என்ன பறவை என்றே தெரியாதபடி ஆக்கி, இளைப்புக்கு நல்லது, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கறியாக விற்றுவிடுகிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வலசை வரும் பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில் உள்ளன. மயில் முதற்பட்டியலில் உள்ளது. கொல்வது மட்டும் வேட்டை அன்று. வலை விரிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அவற்றுக்கு முயல்வது, பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். ஆகவே வலையில் ஒரு பறவைகூட விழவில்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இரண்டாம் பட்டியலுக்குத் தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதற்பட்டியல் உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கல் அலுவலக வாசலில்தான் தொடங்குகிறது.

"இது எங்கள் எல்லை இல்லை"

வலையைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் பதில், "இது வனத்துறை விவகாரம், அங்கே போங்கள்" என்பது. வனத்துறைக்குப் போனால், "கண்மாய் காப்புக்காடு இல்லையே, நீர்வளத்துறையிடம் கேளுங்கள்" என்கிறார்கள். நீர்வளத்துறையில், அது ஊராட்சி ஒன்றியக் கண்மாய் என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் மீன் பாசிக் குத்தகை பற்றித்தான் கோப்பு இருக்கிறது. பறவை பற்றி எதுவும் இல்லை. இப்படி ஒரு நாள் கூலியை இழந்து நான்கு வாசல் ஏறி இறங்கிய ஒரு விவசாயத் தொழிலாளி, மாலையில் ஊர் திரும்பியபோது வலைக்காரர்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டு வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். புகார் சொன்னவரின் பெயர் எந்த அலுவலகத்திலிருந்து கசிந்தது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் புகார் கொடுக்க முன்வரவில்லை.

இந்த நான்கு பதில்களும் சட்டப்படி செல்லாதவை. பறவைக்கான பாதுகாப்பு காட்டோடு முடிவதில்லை. வண்டியூர்க் கண்மாய் ஆனாலும், சாமநத்தம் கண்மாய் ஆனாலும், உசிலம்பட்டிப் பக்கத்துப் பட்டா நிலத்துச் சோளக் கொல்லை ஆனாலும், வேட்டைத் தடை ஒன்றேதான். நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை. காவல்துறைக்கு அதிகாரமில்லை என்பதும் தவறு. சட்டத்தின் 50ஆம் பிரிவு, வனத்துறை அலுவலர்களுக்குக் கொடுத்திருக்கும் சோதனை, கைது, பறிமுதல் அதிகாரத்தைச் சார்பு ஆய்வாளர், அதாவது எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் கொடுத்திருக்கிறது. நிலையத்தில் இதைப் பிரிவு எண்ணோடு எழுதி நீட்டுங்கள். வாயால் சொன்னால் வாயாலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் காவல் நிலையத்தில் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்வதும் ஆபத்தானது. 55ஆம் பிரிவின்படி இந்தக் குற்றத்தை நீதிமன்றத்தில் முறையிட வேண்டியவர் அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர். காவல்துறை பிடித்த வழக்கு வனத்துறையின் கைக்கு முறையாகப் போய்ச் சேராவிட்டால், பின்னர் நீதிமன்றத்தில் அது நிற்காமல் போகக்கூடும். எனவே ஒரே மனுவை இரண்டு இடத்திலும் கொடுப்பதே பாதுகாப்பு. வலை விரித்திருக்கும் நேரத்தில் 100 அல்லது 112க்கு அழைத்துச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கே வனச்சரக அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை மாவட்ட வன அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, வனச்சரக அலுவலகத்தில் நகலின் மேல் தேதியோடு முத்திரை, இவை இரண்டும் கைக்கு வராமல் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டாம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள்" என்ற வார்த்தைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்களும், முதல்வரின் உதவி மைய எண்ணான 1100இல் பதிவு செய்பவர்களும் ஒன்றை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். அந்த மனு கீழே இறங்கி, முதலில் உங்களைத் திருப்பி அனுப்பிய அதே மேசைக்கு வரும். "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, வலை ஏதும் காணப்படவில்லை" என்று முடித்துவைக்கப்படும். வலை இரவில் விரிக்கப்படுகிறது, ஆய்வு பகல் பதினொரு மணிக்கு நடக்கிறது. ஆகவே எந்த நேரத்தில் வந்தால் வலையைக் காணலாம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், 55ஆம் பிரிவு குடிமகனுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. குற்றத்தையும், தாமே முறையிடப்போவதையும் குறிப்பிட்டு அரசுக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, நேராக நீதிமன்றம் போகலாம். நடைமுறையில் அந்த முன்னறிவிப்பு போய்ச் சேர்ந்ததுமே பல கோப்புகள் தாமாக நகர்கின்றன.

சாட்சியம் கெட்டுப்போகும் இடங்கள்

வலையில் பறவை துடிப்பதைப் பார்த்துவிட்டு அறுத்துவிடத் தோன்றுவது மனித இயல்பு. அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கிப் படம் எடுங்கள். வலை, அதில் சிக்கிய பறவை, பின்னணியில் மடையோ கோவிலோ பனைமரமோ என்று இடம் அடையாளம் தெரியும்படி ஒன்று, வண்டி எண் தெரியும்படி ஒன்று போதும். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியும் வலையும் பறிமுதலாகும் என்பதால் வண்டி எண்தான் வியாபாரிவரை போகும் நூல். படத்தை உடனே வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். புகார் பதிவாகும் முன்பே வலை வேறு கண்மாய்க்குப் போய்விடும், உங்கள் முகவரியும் அவர்களுக்குப் போய்விடும். தனியாக நின்று வலைக்காரர்களிடம் வாக்குவாதம் செய்யவே செய்யாதீர்கள்.

அடிபட்ட பறவையை இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. காட்டுயிர் எதுவானாலும் அது அரசின் உடைமை. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. ஆறுமணிக்குருவிக்குத் தண்ணீர் வைத்து அட்டைப்பெட்டியில் காத்திருந்த பெண்ணிடம், "ஏன் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குகிற அலுவலகம், வலை விரித்தவனைத் தேடிப் போயிருக்கவில்லை. அதனால் பறவையை எடுத்த உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டு, அழைத்த நேரம் தெரியும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறகு உரித்த கறி பிடிபட்டால், "எந்தப் பறவை என்று தெரியவில்லை, வழக்குப் போட முடியாது" என்று சொல்வது இன்னொரு சாக்கு. மரபணுச் சோதனையில் இனத்தை அறிய முடியும். வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தில் அந்த வசதி இருக்கிறது. மாதிரி எடுத்து அனுப்பினீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். காட்டுயிர்க் கறி கையில் இருந்தது நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே 57ஆம் பிரிவு கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருந்தவருடையது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களும், சாலையோரக் கடை நடத்துகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடைக்கு வாங்கிய ரசீதைக் காட்டி, வலையில் பிடித்த காட்டுக் காடையையோ குருவியையோ நியாயப்படுத்த முடியாது.

விவசாயிகளுக்கும் ஒரு எச்சரிக்கை. சோளக் கதிரைக் காக்கப் பயிர்மேல் போர்வைபோல் வலை போர்த்துவது வேறு. கொல்லை ஓரத்தில் கழி நட்டு நிற்கும் வலை கட்டுவது வேறு. இரண்டாவதில் பறவை சிக்கினால் அது வேட்டை என்றே பதிவாகும். இரண்டாம் பட்டியல் உயிரினம் நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால் 11ஆம் பிரிவின்கீழ் எழுத்து மூலம் உத்தரவு கொடுக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ மட்டுமே முடியும். கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சித் தலைவரோ வாய்மொழியாகச் சொன்ன அனுமதி உங்களைக் காப்பாற்றாது. அதோடு, சூறைக்குருவிகள் வெட்டுக்கிளிகளைப் பெருமளவில் தின்பவை. அவற்றை அழித்துவிட்டுப் பூச்சிமருந்துக்குக் கடன் வாங்குவது விவசாயிக்கு இரட்டை நட்டம்.

அபராதம் கட்டி வெளியே வருகிறவர்கள்

பிடிபட்ட வழக்குகளில் பல நீதிமன்றத்தையே பார்ப்பதில்லை. 54ஆம் பிரிவின்கீழ் இணக்கத் தொகை பெற்றுக்கொண்டு வழக்கை முடிக்க அதிகாரம் பெற்ற அலுவலரால் முடியும். 2022 திருத்தத்தில் அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரம்பு உயர்ந்தாலும் வாங்கும் தொகை சிறியதாகவே இருந்தால் பலன் என்ன? அந்தத் தொகையை வியாபாரி தொழிற்செலவாகக் கணக்கெழுதிவிட்டு அடுத்த வாரமே வலை கட்டுகிறார். முதற்பட்டியல் உயிரினம்போல் குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தை இப்படி முடிக்கவே கூடாது. உங்கள் புகாரில் என்ன நடந்தது என்று அறிய, மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். வழக்கு எண், பறிமுதலான பொருள்கள், இணக்கத் தொகை, முன்பும் பிடிபட்டவரா என்பன போன்றவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதிவரை வெகுமதி தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பெயரை மறைத்துக் கொடுத்த தகவலுக்கு அது கிடைப்பது அரிது என்பதால், அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

உண்மையில் உள்ளே போகிறவர் யார் என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. இரவுக் கூலிக்கு வலையைக் காவல் காக்க அமர்த்தப்பட்ட பையன்தான் முதலில் பிடிபடுகிறான். கறி வாங்கிப் போகும் வண்டிக்காரர் அந்நேரம் அங்கே இருப்பதில்லை. கண்மாய்க் கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள் என்பதற்காகவே நரிக்குறவர் குடும்பங்களைச் சந்தேகிப்பதும் நடக்கிறது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் வேட்டை உரிமை எதுவும் வந்துவிடவில்லை என்பதை அவர்களும் அறிய வேண்டும். வலையோ கறியோ கைப்பற்றாமல் ஊரைச் சொல்லியும் இனத்தைச் சொல்லியும் வழக்குப் போட முடியாது என்பதை அலுவலர்களும் அறிய வேண்டும்.

பிடிபட்ட கூலித் தொழிலாளியின் குடும்பம் செய்யக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. கட்டிய பணம் எங்கும் பதிவாகாமல், மறுமாதம் வழக்கு மட்டும் வந்து நின்ற குடும்பங்கள் இருக்கின்றன. படித்துக் காட்டாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது; உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் முறைப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். வேலைக்கு அமர்த்தியவர் யார், கூலியை யார் கொடுத்தார், எந்த வண்டி வந்தது என்பதை அந்த வாக்குமூலத்திலேயே சொல்லி எழுத வைக்க வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எதுவானாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உள்ளவர். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலோ, 15100 எண்ணுக்கு அழைத்தாலோ வழக்கறிஞர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆதார் நகல் இல்லை, வருமானச் சான்று இல்லை என்று அங்கே யாராவது திருப்பி அனுப்பினால், காவலில் உள்ளவருக்கு வருமானச் சான்று தேவையில்லை என்று சொல்லி மனுவைப் பதிவு செய்யக் கேளுங்கள். மறுத்தால், நடுவர் முன் நிறுத்தப்படும்போது தமக்கு வழக்கறிஞர் இல்லை என்பதைக் கைதானவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.