பூசணி இல்லாத பூசணிக் காபி

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே காரை ஓரங்கட்டி, "இந்த சீசன்ல வந்துட்டு இதைக் குடிக்காம போகக் கூடாது" என்று ஒரு பெரிய காகிதக் கப்பைக் கையில் திணித்தாள். பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே, அதாவது பூசணி மசாலாக் காபி. மேலே குமிழாக க்ரீம், அதன்மேல் பழுப்பாக ஏதோ பொடி. ஒரு மடக்கு குடித்துவிட்டு நான் சொன்னது, "என்னக்கா, பாயசத்துல பிரியாணி மசாலா விழுந்த மாதிரி இருக்கு?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த அவள் மகளோ, அங்கேயே பிறந்து வளர்ந்தவள், இதில் பிரியாணி எங்கே இருக்கிறது என்று நிஜமாகவே புரியாமல் முழித்தாள். ஒரே கப், ஒரே காபி. எனக்கு அரிசியும் ஆட்டுக்கறியும் ஞாபகம் வருகிறது, அவளுக்கு உதிரும் இலையும் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தும் ஞாபகம் வருகிறது. இதில் யார் நாக்கு சரி என்று அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதில் நாக்குக்குப் பெரிய வேலையே இல்லை என்பதுதான் முதலில் தெரிந்த விஷயம்.

பூசணிக்கும் பெரிய வேலை இல்லை. ஸ்டார்பக்ஸ் என்ற அமெரிக்கக் காபிக் கடை நிறுவனம் 2003-ல் இந்தக் காபியை உருவாக்கியபோது, அந்தக் குழுவினர் பூசணிப் பையை ஒரு வாய் கடிப்பதும் மேலே எஸ்பிரெசோ என்ற கெட்டிக் காபியை ஒரு மடக்கு குடிப்பதுமாக உட்கார்ந்து, எந்த ருசி காபியோடு ஒத்துப்போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். (பை என்பது மாவு ஓட்டுக்குள் பூசணி விழுது, முட்டை, பால், மசாலா சேர்த்து வேகவைக்கும் இனிப்பு.) காபியோடு ஒத்துப்போனது மசாலாதான். 2015 வரை அந்தக் காபியில் ஊற்றும் மசாலா சிரப்பில் பூசணியே கிடையாது, அப்புறம்தான் கொஞ்சம் பூசணிக் கூழைச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் ருசி பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் பூசணிக்கு என்று தனியாக இருக்கும் மணம் மிக மெலிது. பச்சைப் பூசணியை வெட்டினால் வருவது புல்லைக் கிள்ளினால் வருகிற அதே பச்சை வாடை, அதற்குக் காரணமான மூலக்கூறுகளும் கிட்டத்தட்ட அவையேதான். வெந்தால் அதுவும் போய்விடும். அமெரிக்காவில் பைக்கு என்று டப்பாவில் வரும் பூசணி பெரும்பாலும் நம் பரங்கிக்காயின் இனத்தைச் சேர்ந்ததுதான். பரங்கிக்காய்ப் பொரியலில் தேங்காயும் மிளகாயும் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்று நமக்குத் தெரியாதா?

அதனால் அங்கேயும் ஆரம்பத்திலிருந்தே மசாலாவைப் போட்டுத்தான் தேற்றியிருக்கிறார்கள். 1796-ல் அமெரிக்காவில் அச்சான ஒரு சமையல் புத்தகத்திலேயே பூசணி இனிப்புக்கு ஜாதிக்காயும் இஞ்சியும் சொல்லப்பட்டிருக்கின்றன. இன்றைய கலவை பட்டை, சுக்குப் பொடி, ஜாதிக்காய், கிராம்பு, அல்லது கிராம்பு மாதிரியே மணக்கும் ஆல்ஸ்பைஸ். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவேதான்.

சரி, இது வாயில் போனதும் என்ன நடக்கிறது? நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஐந்து. பட்டை என்றோ கிராம்பு என்றோ நாக்குக்கு ஒன்றும் தெரியாது. நீங்களே பார்க்கலாம். ஒரு ஸ்பூன் சர்க்கரையில் ஒரு சிட்டிகை பட்டைப் பொடியைக் கலந்து (சிட்டிகைதான், அள்ளிப் போட்டு இருமிக்கொண்டு உட்காராதீர்கள்), மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். வெறும் இனிப்பு, கூடவே லேசாக ஓர் உறைப்பு, அவ்வளவுதான். மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள், பட்டை எங்கிருந்தோ குபீரென்று வந்து நிற்கும். வாய்க்குப் பின்னால் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது, புரை ஏறினால் காபி மூக்கில் வருகிறதே, அதே வழி. விழுங்கியதும் விடும் மூச்சோடு மணம் அந்த வழியாக ஏறி, மூக்கின் உச்சியில் இருக்கும் சுமார் 400 வகை மண ஏற்பிகளை (மணத்தைப் பிடித்து நரம்புக்குச் செய்தி சொல்பவை) தொடுகிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் அதற்காக 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். விந்தை என்னவென்றால், மூக்கில் நடப்பதை மூளை வாயில் நடப்பதாகவே காட்டுகிறது. அதனால்தான் ஜலதோஷம் பிடித்தால் "நாக்கு செத்துப்போச்சு" என்கிறோம், பாவம், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த லேசான உறைப்பு வேறு கதை. அது சுவையும் இல்லை, மணமும் இல்லை, சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பின் வேலை. பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு, கடுகின் காரம் தூண்டுகிற அதே ஏற்பியைத் தூண்டுகிறது. இஞ்சியோ மிளகாய் தூண்டுகிற ஏற்பியை. இஞ்சி காயும்போது அதில் உள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறும், அது இன்னும் காரம். சுக்குக் காபி இஞ்சி டீயை விட தொண்டையில் சுரீரென்று இறங்குவதற்குக் காரணம் இதுதான். குளிர் காலத்துக் காபிக்கு இந்த மசாலா பொருந்துவதும் இதனால்தான்: கப்பின் சூட்டுக்கு மேல் பொய்யாக ஒரு சூடு.

அடியில் காபி வேறு இருக்கிறதே. காபியின் கசப்பு முழுக்க கஃபைனால் வருவது என்று நினைத்திருந்தேன், அதன் பங்கு கொஞ்சம்தான். கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலங்கள் வறுபடும்போது உடைந்து உருவாகும் பொருட்கள்தான் பெரும்பாலான கசப்பைத் தருகின்றன. இன்னும் கருக வறுத்தால் இன்னும் முரட்டுக் கசப்பு. இந்தக் கசப்பை அடக்கத்தான் சர்க்கரை, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை: நடுத்தரமான 473 மில்லி கப்பில், பாலில் இயல்பாக இருப்பதையும் சேர்த்து, 50 கிராமை ஒட்டி வருகிறது. சர்க்கரை கசப்புப் பொருளை அழிப்பதில்லை, அது கப்பில் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு செய்தியும் சேர்ந்து வரும்போது மூளை கசப்பின் குரலைத் தாழ்த்திவிடுகிறது. பாலின் கொழுப்பு மசாலாவின் மணப்பொருட்களைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது, அதனால்தான் விழுங்கி அரை நிமிஷம் கழித்தும் கிராம்பு பேசிக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் பிரியாணிக்கு இதெல்லாம் பதில் இல்லையே.

மற்றப் புலன்களின் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேல்தளத்துக்குப் போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் பொறுப்பான பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. போனதும் அங்கே முன்பு எதனோடு சேர்ந்து வந்தது என்ற கணக்குதான் எழும்புகிறது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் செய்த சோதனைகளில், பழக்கமில்லாத ஒரு மணத்தைச் சர்க்கரைத் தண்ணீரோடு சில தடவை கொடுத்தார்கள். அப்புறம் அந்த மணத்தைத் தனியாக முகர்ந்தபோதும் மக்கள் அதை 'இனிப்பான வாசனை' என்றார்கள். வாசனைக்கு ஏது இனிப்பு? பழக்கம்தான். அக்கா மகள் பட்டையைச் சந்தித்ததெல்லாம் கேக்கிலும் ரொட்டியிலும் பையிலும். நான் சந்தித்தது வெங்காயத்தோடும் கறியோடும் எண்ணெயில். அவள் மூக்கில் பட்டை காபிக்கு இனிப்பைக் கூட்டியிருக்கும், என் மூக்கில் அது உப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

கிராம்பில் இது இன்னும் வேடிக்கை. கிராம்பின் மணம் யூஜினால், பல் மருத்துவர்களும் பல காலமாகப் பயன்படுத்திவரும் பொருள். பிரான்ஸில் யூஜினாலை முகரக் கொடுத்தபோது, பல் வைத்தியத்துக்குப் பயப்படாதவர்களுக்கு அது பிடித்தது, பயப்படுகிறவர்களுக்குப் பிடிக்கவே இல்லை.

அக்கா ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2005 அக்டோபரில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் திடீரென்று தெருவெல்லாம் மேப்பிள் சிரப் வாசனை. சிலர் ரசாயனத் தாக்குதலோ என்று பயந்து அவசர எண்களுக்கு அழைத்தார்கள். வாசனை வருவதும் போவதுமாக இருந்து, 2009-ல்தான் மேயர் ப்ளூம்பர்க் மர்மம் உடைந்ததாக அறிவித்தார்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. வெந்தயத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான சோடோலோன்தான் மேப்பிள் சிரப்பை நினைவூட்டுவதும், போலி சிரப்பில் வெந்தயச் சாறு சேர்ப்பது அதனால்தான். அந்தத் தெருவில் நம்மில் ஒருவர் நடந்துபோயிருந்தால் யார் வீட்டிலோ சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

அந்தப் பயணத்தில் மூன்று வாரம் இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஏழெட்டு கப் குடித்திருப்பேன், கடைசிக் கப்பில் பிரியாணி கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. போன மே மாதம் அக்கா குடும்பத்தோடு திண்டுக்கல் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தார். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்: "ஆச்சி, பம்ப்கின் பை பண்றீங்களா?"