தவளை நீச்சலில் நேரம் எங்கே போகிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நீச்சல் தெரிந்தேதான் என்னிடம் வருகிறார்கள். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் இறங்க விடமாட்டார்கள்; அதனால் கண்மாயிலோ தோட்டத்துக் கிணற்றிலோ பழகியிருப்பார்கள். தண்ணீர்ப் பயம் கிடையாது, மூச்சும் நன்றாகத் தாங்கும். ஆனால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், அதாவது நம் தவளை நீச்சல், அதில் மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் நேரம் குறைவதில்லை. கரையில் நிற்கும் பெற்றோர் “இன்னும் வேகமா அடி” என்று கத்துகிறார்கள். பிள்ளையும் அடிக்கிறது. நேரம் இன்னும் கூடுகிறது!

போட்டி நீச்சல் நான்கிலும் மெதுவானது இதுதான். கையும் காலும் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே திரும்பி வருகின்றன. அந்த நேரமெல்லாம் உடம்பே தனக்கு பிரேக் போடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே, பலத்தைக் கூட்டுவதற்கு முன் தடையைக் குறைக்க வேண்டும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டரில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். மேற்பரப்பில் எழும் அலையின் தடை அடியில் இல்லை. அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள்; இன்று ஒரு இழுப்பும் ஒரு காலடியும் சேர்ந்த ஒவ்வொரு சுற்றிலும் தலை மேலே வந்தாக வேண்டும்.

தலை மேலே வரலாம், மேலேயே இருக்கக் கூடாது. கிணற்றில் பழகியவர்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே நீந்துவார்கள். தலை நிமிர்ந்தால் இடுப்பு இறங்கிவிடும். மூச்சு எடுத்ததும் முகம் தண்ணீருக்குள் போய், கண் தரையைப் பார்க்கட்டும்.

அடுத்தது முழங்கால். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். வேகம் வேண்டும் என்று பிள்ளைகள் முழங்காலை வயிற்றுக்கு அடியில் இழுக்கிறார்கள். தொடை முழுவதும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும்; வந்த வேகம் அங்கேயே செத்துவிடும். முழங்கால் வயிற்றுக்கு வரக் கூடாது, குதிகால்தான் பிட்டத்தை நோக்கி வர வேண்டும். இதைப் பழக ஒரு நல்ல வழி: மல்லாந்து படுத்துக் காலடிப்பது. முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

குதிகால் வந்ததும் பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு பாதம் மட்டும் திரும்பாது. நடுவர் கண்ணில் பட்டால் தகுதிநீக்கம். அவர்களைக் குளத்தின் விளிம்பில் உட்காரவைத்து, பாதத்தின் உள்பக்கத்தில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தி, “இதைத் தள்ளு” என்பேன். தண்ணீரை எந்த இடத்தால் தள்ள வேண்டும் என்பது அப்போதுதான் காலுக்குப் புரியும்.

முழங்காலை அளவுக்கு மீறி விரித்துச் சுழற்றினால் உள்பக்கத் தசைநார் இழுபடும். பேத்தியைக் கூட்டிவரும் ஆச்சி ஒருவர், “தம்பி, ராத்திரியில முழங்கால் உள்பக்கம் வலிக்குதுங்குறா, தைலம் தேய்க்கட்டுமா?” என்று கேட்டார். “தைலம் இருக்கட்டும் ஆச்சி, முதல்ல இந்தக் காலடியை நிறுத்துவோம்” என்றேன். வலியோடு காலடித்தால் கால் தேறாது, காயம்தான் முற்றும். வலி அடங்கும்வரை காலுக்கு இடையில் மிதவை வைத்துக் கையால் மட்டும் நீந்தலாம். ஓய்விலும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோளைத் தாண்டிப் பின்னால் இழுக்காதீர்கள், முழங்கை விலாவுக்குப் பின்னால் போக வேண்டாம், உள்ளே வந்த கை நிற்காமல் முன்னே பாயட்டும். அவ்வளவுதான்.

பாய்ந்த பிறகு என்ன செய்வது? சும்மா இருக்க வேண்டும். கை நீண்டு, கால் சேர்ந்து, உடம்பு ஒரே கோடாக வழுக்கிப் போகும் அந்த நொடியில்தான் அடித்த அடிக்குப் பலன். 2019இல் 100 மீட்டரை 56.88 விநாடியில் நீந்திய பிரிட்டன் வீரர் ஆடம் பீட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வழுக்கலே இல்லாமல் கைகாலை அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய தோள் பலம் வேறு, தூரமும் வேறு. 200 மீட்டரில் வழுக்கல் நீள வேண்டும். 50 மீட்டரில் மிகக் குறைவு போதும். வேகம் தளரத் தொடங்கும்போதே அடுத்த இழுப்பு. நின்ற பிறகு இழுத்தால் அதுவும் நஷ்டம்.

பெற்றோர் ஸ்டாப் வாட்சோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: 25 மீட்டருக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணுங்கள். விநாடி அப்படியே இருந்து இழுப்பு குறைந்தால் பிள்ளை முன்னேறுகிறது. இரண்டும் கூடினால் அன்றைக்குக் களைத்துவிட்டது, கரையேற்றிவிடலாம்.

திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். திரும்பிய பின் நீருக்கடியில் தொடைவரை ஒரு முழு இழுப்பு, முதல் தவளைக் காலடிக்கு முன் ஒரேயொரு டால்பின் உதை (இரண்டு காலையும் சேர்த்து அலைபோல் அடிப்பது), இரண்டுக்கும் அனுமதி உண்டு. நம் பிள்ளைகள் மூச்சுக்கு அவசரப்பட்டு இதை விட்டுவிட்டு மேலே வருகிறார்கள். கண்மாயில் முக்குளித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சில விநாடி மூச்சு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு பயிற்சியிலும், எவ்வளவு களைத்திருந்தாலும், ஒரு திருப்பத்தில்கூட அதைத் தவிர்க்க விடாதீர்கள்.