தலைக்கவசத்துக்குள் இரையும் காற்று

சுங்கை பட்டாணியிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு என் மாமா 19 வருடமாக மோட்டாரில்தான் போய் வருகிறார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தொழிற்சாலையில் ஆண்டுதோறும் எடுக்கும் செவிச் சோதனையில், போன வருடம் அவருடைய கேட்கும் திறனைக் காட்டும் கோடு 4000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 4000 அதிர்வு) பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. நாள்பட இரைச்சலில் அடிபட்ட காதில் பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தப் பள்ளம்தான். "மெசின் பக்கம் காதடைப்பான் இல்லாம நான் நின்னதே இல்லையேடா" என்றார். நான் நம்புகிறேன். ஆனால் வழியில் கடக்கும் பினாங்குப் பாலத்தின் மேல் அவர் காதில் எதுவும் இருந்ததில்லை.

வேலையிடத்து இரைச்சலுக்கு 2019 முதல் நம் மலேசியாவில் உள்ள விதி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என்று வரம்பு போடுகிறது. டெசிபெல் 3 ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டே மணி நேரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் 90 டெசிபெல்லை ஒட்டி இரைச்சல் இருப்பது சாதாரணம். அப்படியானால் மாமாவின் ஒரு நாள் பங்கில் பெரும்பகுதி சாலையிலேயே தீர்ந்துவிடுகிறது. சாலைக்கு அந்த விதி கிடையாது, காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்த இரைச்சலை எஞ்சின் சத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். வேகம் 60, 70ஐத் தாண்டிவிட்டால் காற்றின் சத்தமே பெரிது. காற்று ஒரு பரப்பின் மேல் சீராக வழுக்கிப் போகும்போது அதிகம் கத்துவதில்லை. ஒரு விளிம்பில் பிய்ந்து, சுழிகளாகச் சுருண்டு, அந்தச் சுழிகள் எதன் மீதாவது மோதும்போதுதான் இரைகிறது. பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குக் காத்திருக்கும்போது ஜெட்டித் தூண்களுக்குப் பின்னால் நீரோட்டம் இடமும் வலமுமாகச் சுழித்துப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தலைக்குப் பின்னாலும் அதேதான் நடக்கிறது.

காற்றில் பாடும் கம்பிகளை ஆராய்ந்த செக் அறிஞர் ஸ்ட்ரூஹால், 1878இல் இந்தச் சுழிகளின் தாளத்துக்கு ஒரு கணக்கு கண்டார். வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, ஏறத்தாழ 0.2ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை சுழி என்று வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்கண்ணாடி வினாடிக்குப் பத்துச் சுழிகளை உதறும். கால் மீட்டர் அகலத் தலைக்கவசம் பதினாறு. முன்னால் போகும் இரண்டரை மீட்டர் அகல லோரி ஒன்றரைக்குச் சற்று மேல். நம் காது கேட்கத் தொடங்குவது 20 ஹெர்ட்ஸில். ஆக இந்தத் தாளம் எதுவும் காதில் விழாது, கழுத்தில்தான் விழும். தலை கிடுகிடுவென ஆடி, சாலைக் கோடு மங்கலாகத் தெரிவது இதனால்தான். இதே பெரிய சுழிகள் உடைந்து உடைந்து சின்னதாகும்போது எழுவதுதான் காதில் கேட்கும் 'ஹோ'.

சரி, முன்கண்ணாடி வாங்கி மாட்டினால் தீருமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். என் 150 சிசி மோட்டாரில் ஒன்றை மாட்டினேன். நெஞ்சில் மோதிய காற்று நின்றது, தலையில் அடி இரட்டிப்பானது. கண்ணாடி காற்றை நிறுத்துவதில்லை, கிழிக்கிறது. அது கிழியும் மேல் விளிம்பிலிருந்து கொந்தளிப்பான ஒரு பட்டை பின்னோக்கிப் பாய்கிறது. அந்தப் பட்டையின் மேலே காற்று சுத்தம், கீழே கிட்டத்தட்ட அமைதி. நடுவில் தலையைக் கொண்டுபோய் வைத்தால் வதைதான்.

அம்மா பூ கட்டும் நூலை விரல்நீளத் துண்டுகளாக வெட்டி, கண்ணாடியின் உள்பக்கமும் விளிம்பிலும் தலைக்கவசத்தின் நெற்றியிலும் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பிறை தொழிற்பேட்டையின் காலியான சாலையில் 60இல் போனேன். பக்கத்தில் அக்கா காரோட்ட, மச்சான் போனில் படம் பிடித்தார். விளிம்பு நூல்கள் பின்னோக்கிப் படுத்துத் துடித்தன. உள்பக்க நூல்களோ என்னை நோக்கி வரவில்லை, கண்ணாடியோடு ஒட்டி மேல்நோக்கி எழும்பி நின்றன. அங்கே அழுத்தம் குறைந்து, காற்று கீழிருந்து மேலே உறிஞ்சப்படுகிறது என்று அர்த்தம். நெற்றி நூல் பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றது. கால்மிதியில் லேசாக எழுந்தேன், அது சட்டென்று நேராகப் படுத்தது, காதில் பாதிச் சத்தம் காணாமல் போனது. ஒரு கையளவு உயரம், அவ்வளவுதான் வேறுபாடு.

அன்று மத்தியானமே கண்ணாடியை நான்கு விரல் தாழ்த்தினேன். திருகாணிகளில் ரப்பர் வளையம் போட்டு, கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே போவதால் உறிஞ்சல் குறைகிறது, பட்டை தலையை நோக்கி வளைவதும் குறைகிறது. கிழிந்த காற்று இப்போது என் தோளில் படுகிறது, தலை சுத்தமான காற்றில் இருக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கு எதிர்வழி பொருந்தலாம்: பட்டை தலைக்கு மேலே போகும் அளவுக்கு உயர்ந்த கண்ணாடி. விலையைப் பார்த்து வாங்குவதைவிட நூலைப் பார்த்து மாட்டுவது நல்லது.

கண்ணாடியே இல்லாத சிறிய ரக மோட்டாரான கப்சாயில் கவனிக்க வேண்டிய இடம் தாடைக்கு அடியில் இருக்கிறது. தலைக்கவசத்தின் கீழ் விளிம்பில் பிய்யும் காற்று கழுத்து இடைவெளிக்குள் புகுந்து காதருகே இரைகிறது. முகம் திறந்த ரகத்தில் இது இன்னும் மோசம். கழுத்தில் துணிக்குழாய் ஒன்றைப் போட்டு இடைவெளியை அடைத்தாலே மாற்றம் தெரியும். நம்மவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவதில் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஜிப் வழியே காற்று நுழையாது, நெஞ்சில் துணி படபடக்காது, காலர் தொண்டைக்குழியை மூடிவிடும்.

பாலத்தில் இன்னொரு சங்கதி சேர்கிறது. 13.5 கிலோமீட்டர் நீளத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நீங்கள் போக, பக்கவாட்டில் 7 மீட்டர் வேகத்தில் கடற்காற்று வந்தால், உங்களுக்குக் காற்று நேராக வராது, ஏறத்தாழ 19 பாகை சாய்ந்து வரும். நிலத்தில் சரியாக வேலை செய்த கண்ணாடி இங்கே ஒருபக்கக் காதில் கொந்தளிப்பைக் கொட்டும். லோரி முந்தும்போது அதன் மூக்கு முதலில் உங்களை ஓரத்துக்குத் தள்ளும், அடுத்த நொடி அதன் பக்கம் உங்களை இழுக்கும், கடைசியில் வால்சுழி உலுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அந்த உலுக்கல் அப்படியே சக்கரத்துக்குப் போகும். முழங்கால்களால் டாங்கியையோ இருக்கையையோ அணைத்துக்கொண்டு, முழங்கையைத் தளர்த்திவிடுங்கள்.

வேகத்தின் கணக்கு இன்னும் கறாரானது. திடப் பரப்பில் மோதும் கொந்தளிப்பின் ஒலி, வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்று கர்ல் என்ற ஆய்வாளர் 1955இல் காட்டினார். 60லிருந்து 80க்கு ஏறினால் ஒலியாற்றல் ஐந்தரை மடங்கு, அதாவது ஏழரை டெசிபெல் கூடுதல். திருப்பிப் போடுங்கள்: கடலுக்கு மேலுள்ள தூரத்தை 80க்குப் பதில் 60இல் கடந்தால் கூடுதலாகப் போவது சுமார் இரண்டு நிமிடம்.

இதையெல்லாம் செய்தாலும் மிச்சம் இருக்கும் இரைச்சல் தாழ்ந்த சுருதி, தலைக்கவசத்தின் நுரை அதைப் பெரிதாகத் தடுக்காது. அதற்குக் காதடைப்பான்தான் வழி. ஹாரன் கேட்காதே என்று மாமாவும் பயந்தார். அடைப்பான் ஹாரனையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது, இரைச்சலுக்கு மேல் ஹாரன் எவ்வளவு எழும்பி நிற்குமோ அது பெரிதாக மாறுவதில்லை. இப்போது அவர் புறப்படும் முன் நுரையடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டுகிறார், மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே செருகுகிறார், அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். பிறகுதான் தலைக்கவசம்.