லயிக்கோ என்னும் பட்டினப் பாட்டு

ஹெலெனா பாபரிசுவை 'கிரேக்க நாட்டுப்புறப் பாடகி' என்று எழுதியிருப்பதை இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை படித்துவிட்டேன். கடைசியாகப் பார்த்தது ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில். லயிக்கோ என்ற கிரேக்க நகரப் பாட்டு வகையையும் பாப்பையும் கலந்து பாடுபவர் என்பதுதான் சொல்ல வந்த செய்தி. அது தமிழில் 'நாட்டுப்புறப் பாடலையும் பரப்பிசையையும் இணைப்பவர்' என்று வந்திருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. அவருடைய பாட்டை ஒரு முறை கேட்டிருந்தால் முதல் பிழையாவது நேர்ந்திருக்காது.

முதலில் சொல்லின் வேரைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் 'லாவோஸ்' என்றால் மக்கள். அதிலிருந்து பிறந்தது 'லயிக்கோஸ்', மக்களுக்குரியது. பாட்டைச் சொல்லும்போது லயிக்கோ, பன்மையில் லயிக்கா. நிக்கோலாஸ் என்ற பெயரின் பின்பாதியிலும் இதே லாவோஸ்தான் இருக்கிறது. முன்பாதி 'நீக்கே', வெற்றி. நம்முடைய லயத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக வேர் தேட வேண்டாம்.

சரி, மக்கள் என்றுதானே பொருள், 'மக்களிசை' என்று சொல்லிவிட்டால் என்ன என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேக்கர்களிடம் மக்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'தீமோஸ்'. டெமாக்ரசி என்ற சொல்லின் முன்பாதி அதுதான். அதன் வழியில் வந்த 'திமொத்திக்கோ' என்பதும் பாட்டில் ஒரு வகை. மலைநாட்டு எபிரஸில் கிளாரினெட்டோடும், கிரீட் தீவில் லிரா என்ற வில் கருவியோடும், ஏகன் தீவுகளில் வயலினோடும் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது. பாடியவர் உண்டு, எழுதியவர் பெயர் கிடையாது. நாம் நாட்டார் பாடல், நாட்டுப்புறப் பாடல் என்கிறோமே, அதற்கு நேர் இணை இதுதான். வேரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் திமொத்திக்கோவும் மக்களிசை, லயிக்கோவும் மக்களிசை. கிரேக்கர்கள் கவனமாக இரண்டு பெயர் வைத்துப் பிரித்ததை நாம் ஒன்றாக்கிவிடுவோம். போதாததற்கு, தமிழில் மக்களிசை என்றதும் பறையும் கிராமத்துப் பாட்டும் போராட்ட மேடையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அதைப் பிடுங்கி இங்கே கொண்டுவருவது நியாயமில்லை.

லயிக்கோ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தானாகத் தீரும். 1922-இல், இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் துறைமுக நகரமான ஸ்மிர்னா எரிந்தது. அடுத்த ஆண்டு லோசான் நகரில் போட்ட ஒப்பந்தப்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது. சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிக் குடிசைகள் எழுந்தன. அங்கேயும் தெசலோனிக்கியிலும் மதுக்கடைகளில், புசூக்கி என்ற நீண்ட கழுத்து நரம்புக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பாடிய பாட்டு ரெபெத்திக்கோ. அதுதான் இசைத்தட்டு, வானொலி, இரவு விடுதி என்று வளர்ந்து 1950-களுக்குள் லயிக்கோ ஆனது. இதற்கு இசையமைத்தவர் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், தட்டு எந்த ஆண்டு பதிவானது என்றுகூடத் தெரியும். வசீலிஸ் சித்சானிஸின் 'மேகம் சூழ்ந்த ஞாயிறு' 1948-இல் பதிவானது. ஸ்டெலியோஸ் கசன்சீதிஸ் ஜெர்மனிக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் ஏக்கத்தைப் பாடினார். 'க்செனித்தியா' என்று அந்தத் துயரத்துக்கே அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஊரை விட்டு அயல்நாட்டில் கிடக்கும் வாழ்வு. ஆலையும் கப்பலும் ரயில் நிலையமும் நிறைந்த பாட்டு இது. சென்னைக் கானாவை நாட்டுப்புறப் பாடல் என்று எழுதினால் நமக்கு எப்படி உறுத்துமோ, கிரேக்கருக்கு இதுவும் அப்படித்தான் உறுத்தும்.

இனி பாபரிசுவுக்கு வருவோம். அவர் பிறந்தது 1982-இல், ஸ்வீடனின் போரோஸ் நகரில், கிரேக்கப் பெற்றோருக்கு. கசன்சீதிஸ் பாடிய அதே அயல்வாழ்வின் அடுத்த தலைமுறை. இன்னொரு நட்சத்திரமான தெஸ்பினா வாந்தி பிறந்ததும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில்தான். பாபரிசு முதலில் நிக்கோஸ் பனயொத்தீதிஸுடன் சேர்ந்து 'ஆன்டிக்' என்ற இருவர் குழுவில் பாடினார். 1999-இல் அவர்களைத் தூக்கிவிட்ட 'ஓப்பா ஓப்பா', நோத்திஸ் ஸ்ஃபகியனாக்கிஸ் என்ற லயிக்கோ பாடகர் முன்பே பாடிய பாட்டு. ஏதென்ஸ் விடுதிப் பாட்டு ஸ்வீடனின் நடனக் கூடத்துக்குப் போனது. ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 2001-இல் குழுவுக்கு மூன்றாம் இடம். பிறகு தனியாகப் பாடத் தொடங்கி, 2004-இல் 'ப்ரோத்தெரெயோத்தித்தா' என்ற முதல் தொகுப்பு. 2005 மே மாதம் கீவ் நகரில் 'மை நம்பர் ஒன்' பாடி 230 புள்ளிகளோடு வென்றார். கிரேக்கத்துக்கு யூரோவிஷனில் அதுதான் முதல் வெற்றி.

அந்தப் பாட்டின் நடுவே ஓர் இடம் இருக்கிறது. தாளம் அடித்துக்கொண்டே இருக்க, குரல் ஓய்ந்து, கிரீட் தீவின் லிரா உள்ளே வரும். பேரிக்காய் வடிவம், மூன்று நரம்பு, முழங்காலில் நிறுத்தி வில்லால் இழுக்கிற சின்னக் கருவி. கொஞ்சம் கரகரத்த, அவசரமான இழுப்பு. இந்தச் சில நொடிகளை நாட்டுப்புறச் சாயல் என்று எழுதுங்கள், நான் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன். ஆனால் அது லயிக்கோ இல்லை, திமொத்திக்கோவின் பக்கம் வந்த ஒலி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இல்லாவிட்டால் அந்த இடத்தின் அழகையே தமிழ் வாசகருக்குக் காட்ட முடியாது.

'பரப்பிசை' பற்றியும் சொல்லியாக வேண்டும். பரவு என்பது தன்வினை, பரப்பு என்பது பிறவினை. தானாகப் பரவுவது வேறு, ஒருவர் பிடித்துப் பரப்புவது வேறு. வதந்தியைப் பரப்பினார், பரப்புரை செய்தார் என்றுதான் அந்தச் சொல் நம் வாயில் புழங்குகிறது. பாட்டு நன்றாக இருப்பதால் நாலு பேர் முணுமுணுப்பதை இந்தச் சொல் எப்படிக் குறிக்கும்? துள்ளிசை என்றாலாவது காதில் ஏதோ ஒலிக்கிறது. ஆனால் துள்ளாத பாப் பாட்டும் ஏராளம். பாப் என்றே எழுதலாம். கிரேக்கர்களும் 'பொப்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் குழப்பமெல்லாம் ஆங்கிலத்தின் வழியே போய் வருவதால் வருகிறது. ஆங்கிலக் குறிப்பில் மக்கள் என்று பொருள்படும் ஏதோ ஒரு சொல் இருக்கும். அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பாட்டைக் கேட்பதே இல்லை. இசையைப் பற்றி மொழிபெயர்ப்பவர் அந்த இசையை மூன்று நிமிடம் கேட்கக்கூடாதா? சமையல் குறிப்பிலும் இதுதான், விளையாட்டுச் செய்தியிலும் இதுதான்.

லயிக்கோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? என் தெரிவு 'பட்டினப் பாட்டு'. பட்டணம் என்றால் எந்த நகரமும் ஆகலாம். பட்டினம் கடலோர ஊர். காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் அப்படித்தான் பெயர் பெற்றன. ஸ்மிர்னா, பிரேயஸ், தெசலோனிக்கி மூன்றும் துறைமுகங்கள். சித்சானிஸ் உள்நாட்டுத் திரிகலாவில் பிறந்தவராயிற்றே என்று கேட்கலாம். பிறந்தது அங்கே; போர்க்காலத்தில் வாழ்ந்து பாட்டுக் கட்டியது தெசலோனிக்கியில். நாட்டுப்புறப் பாட்டு, பட்டினப் பாட்டு என்று பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சொல்லிலேயே தெரிகிறது. முதன்முறை வரும்போது லயிக்கோ என்று எழுதி, அருகே இதைக் கொடுத்தால் போதும்.

கிரேக்கத்தின் சார்பில் 1974-இல் யூரோவிஷனுக்கு முதன்முதலில் போன மரினெல்லா, கசன்சீதிஸோடு ஜோடியாகப் பாடி வளர்ந்த பட்டினப் பாட்டுக்காரர். 31 ஆண்டு கழித்து அங்கே வென்ற ஹெலெனா பாபரிசு, பட்டினப் பாட்டின் சாயலில் பாப் பாடும் பாடகி. அந்தக் கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்.