புரோகிரெசிவ் ராக் கேட்க எத்தகைய ஒலிக்கருவி வேண்டும்?

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவெடுத்த புரோகிரெசிவ் ராக், மூன்று நிமிடப் பாடல் என்ற வரம்பைத் தாண்டி, தனியொரு புல்லாங்குழலில் தொடங்கி, விசைப்பலகைக் கருவிகளான மெலோட்ரானும் ஹேமண்ட் ஆர்கனும், கூடவே கிட்டாரும் டிரம்ஸும் ஒருசேர முழங்கும் உச்சத்தை எட்டும் நெடிய படைப்புகளைத் தந்தது. மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவே இந்த இசையின் உயிர். எனவே, அத்தொலைவைச் சுருக்காமல் தரவல்லதா என்பதே ஒலிக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

ஒலியளவு 10 டெசிபல் உயர ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு மின்திறன் தர வேண்டும். 20 டெசிபலுக்கு 100 மடங்கு. மெல்லிய பகுதிக்கு ஒரு வாட் செலவாகிறது என்றால், அதைவிட 20 டெசிபல் உயர்ந்து கணநேரம் வந்துபோகும் டிரம்ஸ் அடிக்கு 100 வாட் தேவைப்படும். அத்திறன் இல்லாத ஆம்ப்ளிஃபயர் மின் அலையின் முகட்டை வெட்டிவிடும். அடியின் கூர்மை மழுங்கி, உச்சம் முழுவதும் கரகரப்பாகிவிடும். ஆனால் பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தேடும் முன் ஸ்பீக்கரின் உணர்திறனைப் பார்ப்பது நல்லது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 88 டெசிபல் தருவதை வாங்கினால், அதே ஒலிக்குப் பாதி மின்திறனே போதும். இந்த எண்ணைப் பல நிறுவனங்கள் 2.83 வோல்ட்டில் அளந்து தருகின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட் என்பதை நினைவில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி. இவ்விசையில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை. யெஸ் (Yes) குழுவின் கிறிஸ் ஸ்குவயர் வாசித்ததைப் போல, தனி மெட்டாகவே முன்னால் வந்து நடக்கும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடுவதால், ஆழமாக இறங்கும் பெரிய ஸ்பீக்கரோ, தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் சப்வூஃபர் ஒன்றை அளவாகச் சேர்ப்பதோ வேண்டியிருக்கும்.

இங்கே அறையும் குறுக்கிடுகிறது. 4 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 43 ஹெர்ட்ஸில் நிலை அலை, அதாவது சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும் ஒலி அலை, உருவாகிறது. அது அந்தத் தாழ்ந்த சுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சுவரை ஒட்டி அமர்ந்தால் அச்சுரம் வீங்கிக் குமுறும். அறையின் நீளவாட்டில் சரிபாதியில் அமர்ந்தால் ஏறத்தாழ மறைந்தே போகும். அதே பேஸ் வரியின் மற்ற சுரங்களோ இயல்பான அளவில் ஒலிக்கும். ஆகவே நாற்காலியையும் ஸ்பீக்கரையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேட்டுப் பார்ப்பது, விலையுயர்ந்த கேபிள் எதுவும் தராத பலனைத் தரும். குறைந்த ஒலியில் காது தாழ்ந்த சுரங்களை மங்கலாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினர். இரவில் மெதுவாகக் கேட்பவர்களுக்குப் பேஸைக் கூட்டும் குமிழ் உள்ள ஆம்ப்ளிஃபயர் மிகவும் உதவும்.

இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டின் வெளி விளிம்பில் ஊசியின் கீழ் வரிப்பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்பகுதியிலோ சுமார் 21 சென்டிமீட்டர்தான். உயர் அதிர்வெண் அலைகள் அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிவிடுவதால், உருண்டை முனை ஊசியால் அவற்றைச் சரியாகப் பின்தொடர முடிவதில்லை. 1972இல் வெளிவந்த ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறத்தாழ 23 நிமிடம் நீண்டு, தட்டின் இரண்டாம் பக்கத்தை முடித்துவைக்கிறது. அதன் மாபெரும் உச்சம் மிக மோசமான அந்த உள்பகுதியிலேயே விழுகிறது. இத்தகைய தட்டுகளுக்கு நுண்ணிய முனை ஊசி கொண்ட கேட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்னோட்டமாக்கும் பகுதி) ஆடம்பரம் அன்று.

குறுந்தகட்டிலும் டிஜிட்டல் கோப்புகளிலும் இச்சிக்கல் இல்லை. குறுந்தகட்டின் 16 பிட் பதிவு மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வீச்சைத் தாங்குவதால், ஒழுங்காகச் செய்யப்பட்ட எளிய பிளேயரே போதும். அங்கே கவனிக்க வேண்டியது எந்தப் பதிப்பு என்பதுதான்: மறுபதிப்பில் ஒலியளவைக் கூட்டுவதற்காக உச்சங்களை நசுக்கியிருந்தால், மேலே கணக்கிட்ட 100 வாட்டுக்கு அங்கே வேலையே இருக்காது.