வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமை: அரசின் கை எங்கே நுழையும்?

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன நம் ஊர்க்காரர்கள், கடனுக்கு ஈடாக வந்த நெல்வயல்களைச் சட்டப்படிதான் வைத்திருந்தார்கள். 1948-இல் அங்கே நில தேசியமயச் சட்டம் வந்தது. பிறகு பத்திரம்தான் பெட்டகத்தில் மிஞ்சியது, வயல் இல்லை. காரைக்குடியில் செல்போன், பேட்டரி என்று தொழிலில் இறங்கும் பிள்ளைகள் காப்புரிமை பற்றிக் கேட்டால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். காப்புரிமையும் (பேட்டன்ட்), உங்கள் கண்டுபிடிப்பை மற்றவர் அனுமதியில்லாமல் பயன்படுத்தாமல் தடுக்க ஓர் அரசு தரும் பத்திரம்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அதுவும் அந்த நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

காப்புரிமை தருவதில் உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. சரி, அப்புறம் அரசியல் எப்படி வருகிறது? நீதிபதிக்குப் பதிலாக அமைச்சரோ அதிகாரியோ முடிவெடுக்கும் இடங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. காற்று அந்த வழியாகத்தான் வீசும்.

அமெரிக்காவைப் பாருங்கள். காப்புரிமையை மீறிய பொருளை இறக்குமதி செய்யவே அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையம் தடை போடலாம். 1930-ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 337-ஆம் பிரிவு அது. ஆனால் 60 நாளுக்குள் அதிபர் தரப்பு அந்தத் தடையை ரத்து செய்யலாம். 2013 ஜூனில் சாம்சங் கேட்டபடி சில பழைய ஐபோன்களுக்குத் தடை வந்தது. ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா அரசு அதை ரத்து செய்தது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இரண்டு மாதம் கழித்து, ஆப்பிள் வாங்கிய தடை சாம்சங்கின் சில பழைய போன்கள் மேல் விழுந்தபோது அரசு தலையிடவில்லை. சாம்சங்கின் காப்புரிமை, எல்லா போனுக்கும் பொதுவான தொழில்நுட்பத் தரத்தோடு சேர்ந்தது, அதை நியாயமான கட்டணத்துக்கு எல்லோருக்கும் தர வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நல்ல காரணம்தான். ஆனாலும் கொரியாவில் அதைக் கேட்டு யாரும் சமாதானம் ஆகியிருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் ஆப்பிள் வாட்ச் மேல் தடை வந்தபோது பைடன் அரசு காப்பாற்றவில்லை. அங்கே எதிராளி மாசிமோவும் அமெரிக்கக் கம்பெனி.

நம் நாட்டுக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில், பொதுநலனுக்குக் கேடான காப்புரிமையை மத்திய அரசே ரத்து செய்யலாம். 100-ஆம் பிரிவில், அரசுத் தேவைக்கு அரசே பயன்படுத்திக்கொள்ளலாம். 84-ஆம் பிரிவுதான் அதிகம் பேசப்பட்டது: காப்புரிமை கிடைத்து 3 ஆண்டு ஆன பிறகும் பொருள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்றால், வேறொருவர் காப்புரிமை அதிகாரியிடம் கட்டாய உரிமம், அதாவது உரிமையாளர் சம்மதம் இல்லாமலே அதைச் செய்து விற்கும் அனுமதி, கேட்கலாம். 2012-இல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ அப்படி வாங்கியது. மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாய்க்கு இறங்கியது. அமெரிக்கா கடுமையாக முணுமுணுத்தது. அடுத்து வந்த இரண்டு விண்ணப்பங்கள் 2013-இலும் 2016-இலும் தள்ளுபடி ஆயின. முணுமுணுப்புக்கும் தள்ளுபடிக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை.

சாதாரண ஆளுக்கும் வழி உண்டு. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை தரப்படும் முன்பு, யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம். தந்த பிறகு என்றால் ஓர் ஆண்டுக்குள், அதில் தொழில் நலன் உள்ளவர்கள் மட்டும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) பக்கத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவரும் கேட்கலாம், விவரம் தெரிந்த காப்புரிமை முகவர் ஒருவர் துணை இருந்தால் நல்லது.

வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தால் உடனே பணம் கட்ட ஓடாதீர்கள். அந்தக் காப்புரிமை இந்தியாவில் இருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போகாது. காப்புரிமையே செல்லாது என்று நீங்கள் எதிர்வழக்குப் போட்டால், இரண்டும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும்.